நாலு மணிக்கு வந்திடுவன்

அவரிடம் அவரைப் பற்றி ஏதாவது கேட்டால் பதில் வராது, கேள்விதான் வரும். "சாப்பிட்டாச்சே மிஸி?" என்று என் மனைவி வேலிக்கு மேலால் கேட்பாள். "அக்கா, பிறஷர் குளுசை போட்டனீங்களே?" என்பார் அவர். "இந்தக் கிழமை ஊருக்குப் போகேல்லையே?" என்று கேட்டால், "உங்கட மூத்தவன் கோல் எடுத்தவனே?" என்பார். இப்படியே நாலு வருடம் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். அந்த நாலு வருடத்தில் அவர் தன்னைப் பற்றி எங்களிடம் சொன்னவற்றை என் நாட்குறிப்புகளிலிருந்து ஒருமுறை தொகுத்துப் பார்த்தேன். முக்கால் பக்கம் வந்தது.

அவர் எங்கள் பள்ளிமுனைப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணிகளைப் பதிவதும், பிள்ளை பெற்றவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும், குழந்தைகளை மாதம் ஒருமுறை நிறுத்துக் குறிப்பதும், ஊசி போடும் நாளை ஞாபகப்படுத்துவதும் அவருடைய வேலை. ஊர் அவரை மிஸி என்றுதான் கூப்பிட்டது. பெயர் தெரிந்தவர்கள் குறைவு. எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுதவில்லை. அவர் விரும்பமாட்டார்.

நான் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் கிளாக்கர். வயது ஐம்பத்துமூன்று. பத்தொன்பது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். காற்று எந்தப் பக்கம், எத்தனை வள்ளம் கடலுக்குப் போனது, யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், இவ்வளவுதான் எழுதுவேன். அபிப்பிராயம் எழுதுவதில்லை. இந்தப் பழக்கத்தால் ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஊர் நறுவிலிக்குளம். எங்கள் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்தில் இருக்கும் வயல் ஊர். கணவருக்கு அங்கே வயல். பஸ்ஸில் தினமும் வந்து போகக்கூடிய தூரம்தான். ஆனால் இந்த வேலையில் இருப்பவர்கள் தங்கள் பிரிவுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. வயலைப் பள்ளிமுனைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே கணவர் அங்கே, அவரும் மகள் யாழினியும் இங்கே. சனிக்கிழமை பின்னேரம் தாயும் மகளும் பஸ் ஏறுவார்கள். ஞாயிறு பின்னேரம் ஒரு பை அரிசியோடு திரும்பி வருவார்கள்.

ஸ்கூட்டியில் ஒழுங்கைக்குள் போகும்போது அவர் வீட்டுக்காரரைப் பார்க்கமாட்டார், துணி காயும் கொடியைப் பார்ப்பார். பிறந்த பிள்ளை உள்ள வீடு என்றால் பிள்ளைத்துணி எத்தனை காய்கிறது என்று எண்ணுவார். எண்ணிக்கை குறைந்திருந்தால் ஸ்கூட்டி நின்றுவிடும்.

"முந்தநாள் பதினொண்டு காய்ஞ்சது, இண்டைக்கு நாலு. பிள்ளை ஒழுங்காப் பால் குடிக்குதில்லையே தங்கச்சி?"

"நேற்றையான் துணியை இன்னும் தோய்க்கேல்ல மிஸி."

"சரி, தோய்க்காத துணியைக் காட்டுங்கோ பாப்பம்."

அப்படிக் காட்டச் சொல்லிக் கண்டுபிடித்த பிள்ளைகள் மூன்றோ நாலோ ஊரில் இப்போது ஓடித் திரிகின்றன. அவருடைய சொந்தக் கொடியில் துணி பனி விழும்வரை தொங்கும். என் மனைவிதான் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து போய் எடுத்து மடித்து வைப்பாள்.

யாழினி முதலாம் வகுப்புக்கு வந்தபோது அவர் எங்களிடம் ஒன்று கேட்டார். நாலு வருடத்தில் அவர் எங்களிடம் கேட்ட உதவி அது ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கலாமா என்று கேட்டார். எங்கள் இரண்டு மகன்மாரும் வெளிநாட்டில். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். என் மனைவி அவர் கேட்டு முடிக்கும் முன்னரே தலையை ஆட்டிவிட்டாள். காலையில் மகளை எங்கள் கேற்றடியில் இறக்கிவிடும்போது ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து, "நாலு மணிக்கு வந்திடுவன்" என்று சொல்லிப் போவார்.

நாலு மணிக்கு அவர் வந்ததில்லை. நாலு மணிக்குக் கைப்பையைத் தூக்கும் நேரத்தில் யாராவது ஒரு தாய், "மிஸி, ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்" என்று கூப்பிடுவாள். இல்லையென்றால் எழுதி முடிக்கவேண்டிய பதிவேடுகள் இருக்கும். பெற்றோல் வரிசைக் காலத்தில் ஸ்கூட்டியை வீட்டில் விட்டுச் சைக்கிளில் போனார், அப்போது இன்னும் பிந்தியது. பிறகு பக்கத்துப் பிரிவில் வேலை செய்தவர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட, அந்தப் பிரிவும் இவரிடம் வந்து சேர்ந்தது. ஐந்தரைக்கு வந்தவர் ஆறரைக்கு வரத் தொடங்கினார்.

நான் கந்தோரிலிருந்து நாலேகாலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அவர் வரும் நேரம் எப்போதும் என் கண்ணில் படும். ஆகவே எழுதினேன். "மிஸி 5.40." "மிஸி 6.10." "மிஸி 6.35, மழை." அதற்கு வேறு காரணம் இல்லை. தபால்காரர் வரும் நேரத்தையும் நான் எழுதுவதுண்டு.

ஒருநாள் யாழினி நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் மணிக்கூடு பார்க்கப் பழகியிருந்தாள்.

"மாமா, அம்மான்ர நாலு மணியும் உங்கட நாலு மணியும் வேற வேறயோ?"

"ஏன் குஞ்சு?"

"உங்கட மணிக்கூட்டில ஆறு வரேக்கதான் அம்மான்ரயில நாலு வருது."

என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். பின்னேரம் மிஸி வந்ததும் மனைவி அதைப் பகிடியாகச் சொன்னாள். மிஸியும் சிரித்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு முழங்கால் நோ எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

பிலோமினாவைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பிலோமினா எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. புருசன் கடலுக்குப் போகிறவர். வாய் ஓயாது, கையும் ஓயாது. நாலாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒருநாள் காலையில் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கி, தலையிடியும் கண் மங்கலும் வந்தது. மிஸி பிறஷர் பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பிலோமினா மறுத்தாள். புருசன் கடலில், மூன்று பிள்ளைகளும் சின்னன், அவர் வந்தால்தான் போவேன் என்று நின்றாள். மிஸி அவளோடு வாதாடவில்லை. பாயில் இடப்பக்கமாகப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டார். மூன்று பிள்ளைகளுக்கும் சோறு குழைத்துக் கொடுத்தார். சங்கத்துக்குக் கோல் எடுத்து, கரைக்கு வரும் வள்ளக்காரரிடம் செய்தி சொல்லச் சொன்னார். நான்தான் அந்தக் கோலை எடுத்தேன். புருசன் கரைக்கு வர மூன்று மணியாகிவிட்டது. அம்புலன்ஸில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போய், வார்ட்டில் ஒப்படைத்த பிறகுதான் அவர் திரும்பினார். அன்றைக்கே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

அன்றைக்குத்தான் யாழினிக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றரைக்கு வந்தபோதே உடம்பு கொதித்தது. என் மனைவி கோல் எடுத்தாள். "பனடோல் குடுங்கோ அக்கா. ஈரத்துணியால துடைச்சு விடுங்கோ. நாலு மணிக்கு வந்திடுவன்." மூன்று மணிக்கு மறுபடி எடுத்தாள், பதில் இல்லை. பிள்ளை அழவில்லை. கதிரையில் ஏறி யன்னலால் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாட்குறிப்பில் இருக்கிறது: "யாழினிக்குக் காய்ச்சல் 102. மிஸி 6.50."

வந்தவர் பிள்ளையிடம் ஓடவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். பிறகுதான் உள்ளே வந்தார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு இண்டைக்கு நல்ல அலைச்சல் என்னக்கா?" என்று என் மனைவியைக் கேட்டார். அவருடைய குரல் சாதாரணமாக இருந்தது. பிள்ளையின் முதுகைத் தடவிய கை மட்டும் நிற்காமல் தடவிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு பிலோமினா எவரைக் கண்டாலும், "அண்டைக்கு மிஸி இல்லாட்டி நான் இப்ப சேமக்காலையில கிடந்திருப்பன்" என்பாள். ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் தவக்கால நோன்பு நாட்களில்கூட அவருக்கு நண்டு கொடுக்காமல் விட்டவர்கள் இல்லை. அவர் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சாப்பிடுவார் என்பதைக்கூட ஒரு வருடம் கழித்துத்தான் அறிந்தோம். அதுவரை வெள்ளிக்கிழமை மீன்களை வாங்கி, நன்றி சொல்லி, எங்கள் குசினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவர் ஒருதடவை ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். ஊரில் விண்ணப்பம், மனு என்று எது எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என் கையெழுத்து தெளிவானது, பந்தி பிரித்து எழுதுவேன். அன்று சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். மேசை முழுக்கத் தாள்.

"அண்ணை, அலுவலா இருக்கிறியள் போல."

"ஓம் மிஸி, நாளைக்குக் கூட்டம். அவசரமே?"

"இல்லை இல்லை, ஒரு சின்ன விசயம். பிறகு பாப்பம்."

"நாளையிண்டைக்கு வாங்கோவன்."

"ஓம், வாறன்."

வரவில்லை. நானும் கேட்கவில்லை. "மிஸி ஏதோ கடிதம் காட்ட வந்தார். பிறகு வரச் சொன்னேன்" என்று எழுதி வைத்தேன். எழுதியதோடு அந்த விடயம் எனக்கு முடிந்துவிட்டது.

அதன் பிறகு எட்டு மாதம். ஒரு வியாழக்கிழமை பிலோமினா சங்கக் கந்தோருக்குள் மூச்சுவாங்க வந்தாள். ஐந்தாவது பிள்ளை வயிற்றில், எட்டாம் மாதம்.

"கிளாக்கர் அண்ணை, மிஸியைத் தூக்கிறாங்களாம்!"

"ஆர் சொன்னது?"

"கிளினிக்கில கதைச்சவை. வாற மாசம் மாத்தமாம். போன கூட்டத்தில மிஸி மேலிடத்தோட வாய்காட்டினவவாம். ரெண்டு பிரிவு பாக்க ஏலாது எண்டு நேர சொன்னவவாம். அதுக்குத்தான் இந்தப் பழிவாங்கல். உங்களிட்டச் சொல்லேல்லையே அவ?"

"இல்லை."

"அவ சொல்லுவாவே! தன்ர கதை வாயால வருமே அவவுக்கு? நாங்கள்தான் ஏதும் செய்யவேணும். எழுதுங்கோ அண்ணை ஒரு மனு. நல்ல காரமா எழுதுங்கோ."

மிஸி அந்த வாரம் பயிற்சி ஒன்றுக்காக வவுனியா போயிருந்தார். யாழினியைத் தகப்பனிடம் விட்டிருந்தார். கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை மனைவியிடம் சொன்னேன். "கேட்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவா. தனக்கெண்டு எப்ப என்ன கேட்டவ?" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளையும் போனா வீடு வெறிச்சுப் போயிடும்" என்று குசினிக்குள்ளிருந்து சொன்னாள். நான் தாளை எடுத்தேன்.

நல்ல மனு அது. ஐந்து பந்தி. மூன்றாவது பந்தியில், வெறும் புகழ்ச்சியாக இல்லாமல் ஆதாரம் இருக்கவேண்டும் என்று, என் நாட்குறிப்பைப் புரட்டிக் கணக்கெடுத்தேன். "மேற்படி உத்தியோகத்தரின் அர்ப்பணிப்புக்குச் சான்றாகப் பின்வருவதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறோம். கடந்த ஆறு மாதங்களில் அவர் மாலை ஐந்து மணிக்கு முன்னர் வீடு திரும்பிய நாட்கள் நான்கு மட்டுமே. தனது ஒரே பிள்ளை காய்ச்சலுற்றிருந்த நாளிலும் ஒரு கர்ப்பிணித் தாயின் உயிர் காக்கும் பொருட்டு மாலை ஆறு ஐம்பது வரை கடமையில் இருந்தார்." இப்படி எழுதினேன். எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் மேசை போட்டோம். பிலோமினா ஒருவரையும் தப்பிப் போகவிடவில்லை. "எங்க ஓடுறியள்? உங்கட பேரப்பிள்ளையை ஆர் பாத்தது? வையுங்கோ கையெழுத்தை!" கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் நானும் பங்குச் சபைக்காரர் இருவரும் அதைச் சுகாதாரக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மிஸிக்கு ஒருவரும் சொல்லவில்லை. காரியம் ஆனபிறகு சொல்லிச் சந்தோசப்படுத்தலாம் என்பது எல்லாருடைய எண்ணமும்.

மூன்று வாரத்தில் காரியம் ஆனது. "பொதுமக்களின் கோரிக்கையைக் கருத்திற்கொண்டு மேற்படி இடமாற்றம் இரத்துச் செய்யப்படுகிறது" என்று கடிதம். பிலோமினா பெரிய சட்டி நிறைய நண்டுக் கறியோடு மிஸியின் வீட்டுக்குப் போனாள். பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நாங்களும் வேலியால் போனோம். மிஸி வாசற்படியில் நின்றார், கையில் கடிதம்.

"எங்களை விட்டிட்டுப் போக விட்டிடுவமே மிஸி! கிளாக்கர் அண்ணை எழுதின எழுத்தில கந்தோரே நடுங்கிப் போச்சாம்!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்தார். "சந்தோசம்" என்றார். கடிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். பிறகு, "பிலோமினா, இந்த வயித்தோட உந்தப் பாரத்தை ஏன் தூக்கினனீங்கள்? சின்னவன்ர இருமல் எப்பிடி?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மிஸி மாறவில்லை என்று எங்களுக்குத் திருப்தி.

அந்தச் சனிக்கிழமை அவருடைய கணவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அதிகம் பேசாத மனிதர். வழமையாக எனக்கு ஒரு தலையாட்டலோடு சரி. அன்று வேலியடியில் வந்து நின்றார்.

"அண்ணை, உங்கட எழுத்து வடிவான எழுத்து."

நான் ஏதோ மறுமொழி சொல்ல வாய் திறந்தேன்.

"ரெண்டு வருசமா அலைஞ்சு எடுத்த மாத்தம் அது. அவ மூண்டு தரம் விண்ணப்பம் போட்டவ. நான் எத்தினை கந்தோர்ப் படி ஏறினனான் எண்டு எனக்குத்தான் தெரியும். நறுவிலிக்குளத்தில ஒரு இடம் வெறுமையாச்சு, கடவுளேயெண்டு கிடைச்சது. கொண்டுபோய்க் குடுத்திட்டியள், வேண்டாமெண்டு."

"தம்பி, அது தண்டனை மாத்தம் எண்டுதான் நாங்கள்..."

"ஒரு சொல் கேட்டிருக்கலாமே."

அவர் குரலை உயர்த்தவில்லை. இந்த வருடக் கடைசிக்குள் மாற்றம் கிடைக்காவிட்டால் பிள்ளையை நறுவிலிக்குளத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்று தானும் மனைவியும் பேசி முடிவெடுத்திருந்ததையும் சொன்னார். "பிள்ளைக்குத் தாயுமில்லாமல் தேப்பனுமில்லாமல் ஏன் இன்னொரு வீட்டில நிக்கோணும்? தேப்பனாவது இருக்கட்டும்." இன்னொரு வீடு என்று அவர் சொன்னது எங்கள் வீட்டை. அதில் குத்தல் இருக்கவில்லை. உள்ளதைச் சொன்னார்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு நான் மிஸியின் மேலதிகாரியின் கந்தோருக்குப் போனேன். அவர் மரியாதையாகக் கதிரையைக் காட்டினார். மிஸியின் கோப்பினை எடுத்து வரச் சொன்னார். என் மனு அதற்குள் இருந்தது. மூன்றாவது பந்திக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்திருந்தார்கள். அதற்கு அடியில் மிஸியின் விண்ணப்பம். ஒன்பது மாதத்துக்கு முந்திய திகதி. சொற்கள் இடறி இடறி எழுதப்பட்டிருந்தன. "எனது பிள்ளையைப் பராமரிக்க முடியாத சூழ்நிலை" என்ற இடத்தில் இரண்டு முறை வெட்டித் திருத்தியிருந்தார். என்னிடம் காட்ட வந்த கடிதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"நாங்கள் பிழையா விளங்கியிட்டம் ஐயா. திருப்பிக் குடுக்க ஏலாதே?"

"ஐயா, அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டாச்சு. அவவும் கைக்குழந்தையோட வந்தவ. இனி அடுத்த மாத்தத்திலதான் பாக்கலாம். அதுக்கும் இவவின்ர இடத்துக்கு ஒரு ஆள் வரோணும். ஆள் எங்க?" அவர் கோப்பை மூடினார். "சனம் ஒருத்தரை வேண்டாமெண்டு எழுதிறதுதான் எங்களுக்கு வழமையா வாறது. நீங்கள் வேணுமெண்டு எழுதினீங்கள். வாசிக்க எங்களுக்கும் சந்தோசமா இருந்தது."

அடுத்த நாள் இன்னொரு மனு எழுதினேன், அவரை விடுவிக்கும்படி. முதலில் பிலோமினாவிடம் போனேன். அவள் கதிரையில் காலை நீட்டி இருந்தாள். முழுவதையும் கேட்டாள். கண் கலங்கியது. ஆனால் பேனையை வாங்கவில்லை.

"பாவம் அண்ணை அவ. எனக்கு விளங்குது. ஆனா எனக்கு இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்குது. போனமுறை நடந்தது தெரியும்தானே? பிள்ளை பிறக்கட்டும். பிறகு வைக்கிறன்."

மற்ற வீடுகளிலும் அப்படித்தான். ஒருத்திக்குப் பிறந்து பத்து நாள். இன்னொருத்திக்கு மூன்றாம் மாதம். ஒவ்வொருத்திக்கும் மிஸி இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். எல்லாரும் இரக்கப்பட்டார்கள், ஒருவரும் ஒப்பமிடவில்லை. தாளில் என் பெயரும் மனைவியின் பெயரும் மட்டும் இருந்தன.

அந்தத் தாளைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு, ஒரு பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாழினி எங்கள் முன்னறையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். அவர் என்னை முற்றத்துக்கு வரச் சொன்னார்.

"அண்ணை, அதைக் கிழிச்சுப் போடுங்கோ. ஒருக்கா வேணும் எண்டு, ஒருக்கா வேண்டாம் எண்டு. நான்தான் சனத்தை ஏவி விளையாடுறன் எண்டு நினைப்பினம்."

"மிஸி, நான்..."

"எனக்குக் கோவம் இல்லை. ஊர் நல்லதுக்குத்தான் செய்தது. நானும் வாய் திறந்து சொல்லேல்ல. சொல்லியிருக்கோணும்." முன்னறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கந்தோரில உங்கட கடிதத்தை எனக்குக் காட்டினவை. என்ர பிள்ளை எத்தினை மணிக்கு என்னைக் கண்டவள் எண்டு ஒவ்வொரு நாளும் நீங்கள் எழுதி வைச்சிருக்கிறியள். நான் ஒருநாளும் கூட்டிப் பாக்கேல்ல, அண்ணை. பாத்தா என்னால வேலைக்குப் போக ஏலாது எண்டு தெரியும்."

அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன முக்கால் பக்கத்தில் பாதி இதுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார். உள்ளே பார்த்து, "அக்கா, பிறஷர் பாத்து ஒரு மாதமாச்சு, ஒருக்கா கையைத் தாங்கோ" என்று பையைத் திறந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது செய்வதற்கு இருந்திருக்கும்.

அதன் பிறகும் ஒன்றரை வருடம் அவர் எங்கள் ஊரில் இருந்தார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கொடிகளை எண்ணினார். பதிவேடு எழுதினார். பின்னேரம் எத்தனை மணிக்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த நேரத்தில் முன்பக்கம் போவதை விட்டுவிட்டேன். பிறகு வேறொரு பிரிவுக்கு மாற்றம் வந்தது, அதுவும் நறுவிலிக்குளம் அல்ல. அந்தமுறை ஒருவரும் மனு எழுதவில்லை.

பிள்ளை போனது அதற்கெல்லாம் முன்னர், மனு எழுதிய வருடம் முடிந்த கையோடு, ஒரு வியாழக்கிழமை. புது வகுப்பு தொடங்கி நாலாம் நாள். வெள்ளிக்கிழமைக்குள் விடுகைப் பத்திரத்தோடு வரவேண்டும் என்று நறுவிலிக்குளத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை இங்கே நிறை பார்க்கும் நாள். ஞாயிறு கோவிலில் அறிவித்தாயிற்று, மாற்ற முடியாது. விடுகைப் பத்திரம் எடுக்க அவருக்கு நேரமில்லை என்று நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் எடுத்து, ஒரு உறையில் போட்டு, பங்கு மண்டபத்துக்குக் கொண்டுபோனேன்.

மண்டபம் நிறையத் தாய்மார். கூரை வளையிலிருந்து தராசு தொங்கியது. ஒவ்வொரு பிள்ளையாக உடுப்பைக் கழற்றித் தராசுப் பைக்குள் இருத்துவதும், பிள்ளை வீரிடுவதும், அவர் முள்ளைப் பார்ப்பதுமாக நடந்துகொண்டிருந்தது. பிலோமினாவின் முறை. ஐந்தாவது பிள்ளைக்கு அப்போது ஒன்றரை மாதம். அவர் பிள்ளையைத் தராசிலிருந்து தூக்கிய நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

அவர் அப்படியே வாசலுக்கு வந்தார், உடுப்பில்லாத பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி. கணவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. யாழினி அவருக்குப் பின்னால், அளவுக்குப் பெரிய ஹெல்மெட்டோடு. பள்ளிக்கூடப் பை அவளுக்குப் பின்னால் கட்டியிருந்தது. நான் உறையைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை வருவியள்தானே அம்மா?"

"ஓம் குஞ்சு."

"பின்னேர பஸ்ஸிலயோ?"

"ஓம். பின்னேர பஸ்."

யாழினி தாயை நோக்கிச் சாய்ந்தாள். இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். அவரும் கிட்டப் போனார். இடையில் பிலோமினாவின் பிள்ளை இருந்தது. அவர் பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றப் பார்த்தார். அது வீரிட்டது. ஒன்றரை மாதப் பிள்ளை, கழுத்து நிற்காது, ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது. மறுபடி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, தன் கன்னத்தை மகளின் ஹெல்மெட்டில் வைத்தார். சிறிது நேரம் வைத்திருந்தார்.

அவருக்குப் பின்னால் வாசல் முழுக்கப் பெண்கள் நின்றார்கள். பிலோமினா பிள்ளையின் நிறை அட்டையைக் கையில் பிடித்தபடி முன்னுக்கு நின்றாள். என் கையில் அப்போது ஒன்றுமே இல்லை. ஒரு எட்டு எடுத்து வைத்து அந்தப் பிள்ளையை வாங்கியிருந்தால் போதும். எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மோட்டார் சைக்கிள் புறப்பட்டது. தெருவோரப் பெருக்கமரத்தைத் தாண்டித் திரும்பும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றார். அது மறைந்த பிறகுதான் பிலோமினா கையை நீட்டினாள்.

"தாங்கோ மிஸி."

"இன்னும் நிறை எழுதேல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் பிள்ளையோடு உள்ளே போனார்.